'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தை வீட்டில் பார்ப்பது எப்படி

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968 ஏப்ரலில் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற ஆங்கில விண்வெளிப் படத்தைப் பார்க்க உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுந்துபோனவர்கள் பலரை எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் எழுந்துபோனேன். விடுதி அறையில், ட்யூப்லைட் எரிந்துகொண்டிருக்க, ஒரு சிறிய கணினித் திரையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்து பார்த்தோம். யாரோ பதிந்து கொடுத்திருந்த அந்தப் பிரதியில் தொடக்க இசையும் இடைவேளையும் வெட்டப்பட்டிருந்தன. குரங்குகள் வரும் பகுதி நீள்கிறது என்று ஒருவன் அதை வேகமாக ஓட்டினான். விண்கலம் மெதுவாக நகர்கிறது என்று அதையும் ஓட்டினான். எஞ்சியதில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இருட்டாக்கிய அறையில், வெட்டப்படாத பிரதியை என் தாயாரோடு அமர்ந்து பார்த்த இரவில்தான், நாங்கள் அன்று ஓட்டித் தள்ளிய இடங்களில்தான் கதையே இருந்தது என்று தெரிந்தது.

இந்தப் படத்தின் முதல் 25 நிமிடங்களில் ஒரு வசனம்கூட இல்லை. கடைசி இருபது நிமிடங்களுக்கும் மேலாக வசனம் இல்லை. இடையில் பேசுகிறவர்களும் பெரும்பாலும் உப்புச்சப்பில்லாமல்தான் பேசுகிறார்கள். காதால் கதை கேட்டுப் பழகிய நமக்கு, வசனம் நின்றதும் கதையும் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. இந்தப் படத்திலோ வசனம் நிற்கிற இடத்தில்தான் கதை நடக்கிறது. ஆகவே வீட்டில் இதைப் பார்ப்பதற்கான ஏற்பாடுகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்காகத்தான்: கண்ணும் காதும் கூர்மையாக இருக்க வேண்டும்.

பிரதியும் அறையும்

முதலில் உங்களிடம் உள்ள பிரதியின் நீளத்தைப் பாருங்கள். சுமார் 149 நிமிடம் என்று காட்டினால் முன்னிசை, இடைவேளை, முடிவிசை ஆகிய மூன்றும் அதில் இருக்கும். அதைவிடப் பல நிமிடம் குறைவாக இருந்தால் அவற்றை நீக்கியிருப்பார்கள். முழுப் பிரதியில் தொடக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ஜியார்ஜி லிகெட்டி 1961இல் இயற்றிய ஓர் இசை மட்டும் ஒலிக்கும். தொலைக்காட்சி பழுதாகிவிட்டதோ என்று ரிமோட்டைத் தேட வேண்டாம். பெரிய திரையரங்குகளில் மக்கள் வந்து அமர்ந்து பேச்சு அடங்குவதற்காக வைக்கப்பட்ட நேரம் அது. வீட்டில் அதன் தேவை இன்னும் அதிகம். தெருவில் போகும் ஆட்டோவின் சத்தமும் நாளைய வேலையைப் பற்றிய நினைப்பும் மனத்திலிருந்து விலக அந்த மூன்று நிமிடம் வேண்டியிருக்கிறது.

படம் 65 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டு 70 மில்லிமீட்டர் பிரதிகளாகத் திரையிடப்பட்டது. உயரத்தைப்போல் 2.2 மடங்கு அகலம் கொண்ட காட்சி என்பதால் வீட்டுத் தொலைக்காட்சியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். அவற்றைப் போக்குவதற்காகக் காட்சியைப் பெரிதாக்கினால் இரு ஓரங்களும் வெட்டுப்படும். குப்ரிக் முக்கியமானவற்றை ஓரங்களிலும் வைப்பவர். அதைவிட முக்கியமாக, இன்றைய தொலைக்காட்சிகளில் நகர்வை மென்மையாக்கும் ஒரு வசதி இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, சினிமாவைத் தொடர் நாடகம்போல ஆக்கிவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்ற பெயரில் ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

இந்தப் படத்தில் பாதிக்குப் பாதி கறுப்பு. இணைய வேகம் குறைந்தால் முதலில் சிதைவது கறுப்புதான். விண்வெளி, அழுக்குப் படிந்த சாம்பல் நிறக் கட்டங்களாகத் தெரியும். 50 ஆண்டு நிறைவை ஒட்டி 2018இல் வெளிவந்த 4கே வட்டு கிடைத்தால் அதில் பாருங்கள். கிடைக்காவிட்டால் உயர்ந்த தரத்தில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்குகளை அணையுங்கள். பூஜை அலமாரியில் எரியும் சிறு பல்புகூடக் கண்ணாடித் திரையில் ஒரு புள்ளியாக விழும். இந்தப் படத்தில் அது ஒரு நட்சத்திரமாகவே தெரிந்துவிடும்.

ஒலியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் சூரியன் எழும்போது வரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் முழக்கத்தை வைத்து அளவைத் தீர்மானியுங்கள். நெஞ்சில் அதிர வேண்டும், காது வலிக்கக் கூடாது. அதன்பின் தொடாதீர்கள். மனிதர்கள் பேசுவது தணிவாகக் கேட்டாலும் அப்படியே விடுங்கள். பின்னால் வருகிற பேரொலிகளும் முழு அமைதியும் அந்த அளவை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. மின்விசிறியைக் குறைத்து வையுங்கள், அதன் இரைச்சல் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். ஆங்கில சப்டைட்டில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் 'மூச்சுவிடும் சத்தம்', 'எச்சரிக்கை ஒலி' என்று ஒலிகளையும் எழுத்தில் காட்டுகிற வகை வேண்டாம். காது கேட்பவர்களுக்கு அது படத்தையே மறைத்துவிடும்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குள் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் முடியும்.

முன்கூட்டித் தெரிய வேண்டியது மிகக் கொஞ்சம். இதன் திரைக்கதையைக் குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். ஆங்கிலேயரான அவர் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தார். திருகோணமலைக் கோணேசர் மலையடியில் கடலுக்குள் மூழ்கி, பழைய கோயிலின் சிதைந்த தூண்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். நீருக்கடியில் தொன்மையான கல்லைத் தொட்ட ஒருவர், நிலவின் மண்ணுக்கடியில் ஒரு கல்லைப் புதைத்துவைத்துக் கதை எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். (படத்துக்கு வித்தான அவருடைய சிறுகதை கடலாய்வுக்கு முந்தியது, ஆகவே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.) படத்தோடு ஒரே ஆண்டில் வெளிவந்த அவருடைய நாவல், படம் சொல்லாமல் விட்ட பலவற்றை விளக்கிவிடும். அதனாலேயே அதைப் படத்துக்குப் பிறகு படியுங்கள்.

பேச்சில்லாத முதல் பகுதி

வறண்ட நிலம். மனிதக் குரங்குகள் ஒரு குட்டையைச் சுற்றி வாழ்கின்றன. பசியோடு செடிகளைப் பறித்துத் தின்கின்றன. இன்னொரு கூட்டம் வந்து கத்தி விரட்டினால் ஒதுங்கிப் போகின்றன. இந்தக் காட்சிகளில் கவனிக்க வேண்டியது அவற்றின் கைகளைத்தான். கருவி எதையும் பற்றாத கைகள் அவை. ஒரு விடியலில் கரிய ஒற்றைக்கல் ஒன்று நிற்கிறது. குரங்குகள் அஞ்சி, நெருங்கி, தொடுகின்றன. பின்னர் ஒரு குரங்கு எலும்புக் குவியலின் நடுவே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஓர் எலும்பைப் பார்க்கிறது. அந்தப் பார்வையிலிருந்து, அது எலும்பை எடுத்து மெல்லத் தட்டி, பிறகு ஓங்கி அடிக்கும்வரை இமைக்காமல் பாருங்கள். குரங்காக நடித்த டேனியல் ரிக்டர், பேச்சின்றி உடலசைவால் மட்டுமே நடிக்கும் மைம் கலைஞர். முதல் தட்டலில் எலும்பின் முனை மட்டும் தளர்வாக விழுகிறது, அதில் இன்னும் நோக்கம் இல்லை. அடுத்தடுத்த தட்டல்களில் தோளும் முதுகும் சேர்ந்துகொள்கின்றன. ஓர் உயிர் சிந்திக்கத் தொடங்குவதை மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறுகிற அசைவாக அவர் காட்டியிருக்கிறார். 'அடிக்கக் கத்துக்கிடுச்சு' என்றார் என் தாயார். ஆங்கிலம் அறியாத அவருக்கு, ஆங்கிலம் படித்த நாங்கள் ஐவரும் ஓட்டித் தள்ளிய காட்சி அரை நொடியில் புரிந்தது.

அந்தக் குரங்கு முதலில் உணவுக்காகக் கொல்கிறது. அடுத்து, குட்டையை மீட்பதற்காகத் தன் இனத்தையே கொல்கிறது. வெற்றியில் எலும்பை வானில் எறிகிறது. சுழன்று கீழே வரும் எலும்பின் இடத்தில், ஒரே வெட்டில், விண்ணில் மிதக்கும் நீண்ட வெண்ணிறச் செயற்கைக்கோள் ஒன்று தெரிகிறது. ஏறக்குறைய 40 லட்சம் ஆண்டுகள் அந்த வெட்டுக்குள் போய்விடுகின்றன. படம் உருவானபோது அந்தச் செயற்கைக்கோள்கள் அணு ஆயுதம் தாங்கியவையாகவே எண்ணப்பட்டன. படத்தில் அதை யாரும் சொல்வதில்லை. தெரிந்தபின் பார்த்தால், அந்த வெட்டு காலத்தைத் தாண்டவில்லை, ஒரு கொலைக் கருவியிலிருந்து இன்னொரு கொலைக் கருவிக்குத்தான் போகிறது என்பது விளங்கும். முழுப் படத்துக்கும் இதுவே திறவுகோல் என்பது என் எண்ணம். கை கருவியைப் பிடித்தது. இனி கருவி எவ்வளவு வளரும், அப்போது கை என்ன ஆகும் என்ற கேள்வியை மனத்தில் ஏந்திக்கொண்டு மீதியைப் பாருங்கள்.

இரண்டாம் முறை பார்க்கையில், இறந்த வரிக்குதிரையின் மேல் படுத்திருக்கும் சிறுத்தையின் கண்களைக் கவனியுங்கள். அவை கனல்போல ஒளிரும். பின்னணி நிலப்பரப்பு இன்றைய நமீபியாவில் எடுத்த புகைப்படங்கள். அவற்றைக் கேமராவின் திசையிலிருந்தே, ஒளியைத் திருப்பியடிக்கும் பெரிய திரையின்மேல் வீழ்த்தி, இங்கிலாந்தின் அரங்கத்துக்குள்ளேயே இந்தப் பகுதியைப் படமாக்கினார்கள். அந்த ஒளி சிறுத்தையின் கண்ணில் பட்டு, இரவில் கார் விளக்குப் பட்ட பூனையின் கண்போல நேராகக் கேமராவுக்கே திரும்பிவிட்டது. நினையாமல் நேர்ந்ததாயினும் அந்தக் கண்களைவிட அச்சமூட்டுவது அந்தப் பகுதியில் வேறில்லை.

சலிப்பூட்டும் கூட்டம்

செயற்கைக்கோளுக்குப் பின் யோஹான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' என்ற வால்ட்ஸ் நடன இசை ஒலிக்க, விண்கலம் ஒன்று சுழலும் விண்நிலையத்தை நெருங்குகிறது. பலர் பொறுமை இழப்பது இங்கேதான். நிலையம் ஏன் சுழல்கிறது என்று தெரிந்தால் பொறுமை தானே வரும். சுழற்சியால் வெளிநோக்கி அழுத்தப்படும் உடல் அதையே எடையாக உணர்கிறது. அதனால் சக்கரத்தின் உள்விளிம்பில் மனிதர் நடக்கலாம். அப்படிச் சுழல்கிற ஒன்றின் நடுத்துளைக்குள் நுழைய, வருகிற கலமும் அதே வேகத்தில் சுழல வேண்டும். ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் அடிவைப்பைச் சேர்த்துக்கொள்வதுபோல இரண்டும் ஒத்திசைவதைத்தான் இசை காட்டுகிறது. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, கணினி வரைகலை இல்லாத காலத்தில், சிற்றுருவங்களை வைத்து இதை எடுத்திருக்கிறார்கள்.

கலத்துக்குள் இருக்கும் ஒரே பயணி, அமெரிக்க விண்வெளி அதிகாரி டாக்டர் ஹேவுட் ஃபிளாய்டு. அவர் தூங்குகிறார். அவர் கை எடையின்றி மிதக்கிறது. அந்தக் கையிலிருந்து நழுவிய பேனா காற்றில் மெல்லச் சுழல்கிறது. எலும்பைப் பற்றக் கற்றுக்கொண்ட கை பேனாவை விட்டுவிட்டது என்பதைச் சற்று நின்று பாருங்கள். (பேனாவை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தகட்டைச் சுழற்றினார்கள். பணிப்பெண் அதை எடுக்கும்போது உற்றுப் பார்த்தால், ஒட்டியதைப் பிய்ப்பதுபோல விரல் சிறிது இழுபடுவது தெரியும்.)

படத்தில் முதன்முதலாக ஒலிக்கும் மனிதப் பேச்சு, மின்தூக்கிப் பணிப்பெண் ஒருத்தி தளம் வந்துவிட்டதை அறிவிப்பது. தொடர்ந்து வருவதெல்லாம் உபசார வார்த்தைகள். ஃபிளாய்டு தன் சிறுமகளோடு காணொளியில் பேசி, அவளுடைய பிறந்தநாளுக்கு வர முடியாது என்கிறார். ரஷ்ய விஞ்ஞானிகளின் கேள்விகளுக்கு நழுவலாக விடை சொல்கிறார். நிலவின் கிளாவியஸ் தளத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தொனி நன்கு தெரியும். இங்கே விழித்திருங்கள். நிலவில் ஏதோ கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அதை மறைப்பதற்காகத் தொற்றுநோய் என்று ஒரு பொய்க் கதை பரப்பப்பட்டிருக்கிறது. அறிந்த ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ரகசிய உறுதிமொழி வாங்கப் போகிறார்கள். படத்தின் பிற்பகுதியில் நிகழும் சாவுகள் அத்தனைக்கும் வேர், புன்னகையோடு சொல்லப்படும் இந்த ரகசியக் கட்டளையில்தான் இருக்கிறது. வசனம் முக்கியமில்லாத படம் என்று கேள்விப்பட்டு இந்தக் கூட்டத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள், பின்னால் கணினிக்கு ஏன் பைத்தியம் பிடித்தது என்று கேட்கிறார்கள்.

நிலவில் தோண்டப்பட்ட குழியில் அதே கரிய கல் நிற்கிறது. குழிக்குள் இறங்கிய ஃபிளாய்டு அதைத் தொடுகிறார், குரங்கு தொட்டதுபோலவே. பிறகு குழுவினர் அதன் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள முனைகிறார்கள். சூரிய ஒளி பட்டதும் காதைக் கிழிக்கும் ஒலி எழுகிறது. புதைத்து வைத்தவர்களுக்கு, மனிதர்கள் நிலவுவரை வந்துவிட்டார்கள் என்று அறிவிக்கும் மணி அது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இந்த ஒலியைப் பற்றி முன்பே சொல்லிவையுங்கள்.

இங்கே இன்னொன்று. படத்தில் மூன்று இடங்களில்தான் பகுதித் தலைப்பு வருகிறது: 'மனிதனின் விடியல்', 'வியாழன் பயணம்: 18 மாதங்களுக்குப் பிறகு', 'வியாழனும் எல்லையின்மைக்கு அப்பாலும்'. நிலவுப் பகுதிக்குத் தலைப்பே இல்லை. அப்படியானால் விண்நிலையமும் காணொளி அழைப்பும் கிளாவியஸ் கூட்டமும் 'மனிதனின் விடியல்' என்ற தலைப்புக்குள்ளேதான் வருகின்றன. குட்டையைச் சுற்றி இரண்டு கூட்டங்கள் உறுமிக்கொண்டதும், விண்நிலைய நாற்காலிகளில் அமெரிக்கரும் ரஷ்யரும் பல் தெரியாமல் சிரித்துக்கொண்டதும் ஒரே அத்தியாயம்.

ஹால்

வியாழனுக்குப் போகும் டிஸ்கவரி கலத்தில் டேவ் போமன், ஃபிராங்க் பூல் இருவரும் விழித்திருக்கிறார்கள். மூவர் உறைதுயில் என்ற செயற்கையான நெடுந்தூக்கத்தில் இருக்கிறார்கள். கலத்தை நடத்துவது ஹால் 9000 என்ற கணினி. அதற்குக் குரல் கொடுத்தவர் கனடிய நடிகர் டக்ளஸ் ரெய்ன். பூல் ஓடிப் பயிற்சி செய்யும் வட்டமான அறை உண்மையாகவே ஒரு ராட்டினம்போலக் கட்டப்பட்டது. 38 அடி விட்டம் கொண்ட அந்த அரங்கம் சுழன்றது, நடிகர் அடிப்பகுதியிலேயே ஓடினார்.

இந்தப் பகுதியில் குரல்களை ஒப்பிட்டுக் கேளுங்கள். பூலின் பெற்றோர் பூமியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார்கள். அவர் கருப்புக் கண்ணாடியோடு படுத்தபடி முகத்தில் சலனமின்றிக் கேட்கிறார். போமனும் அப்படியே. அக்கறையோடும் பெருமையோடும் தயக்கத்தோடும் பேசுகிற ஒரே குரல் ஹாலுடையது. சிவந்த ஒற்றைக் கண்ணின் பார்வையாகச் சில காட்சிகள் வளைந்து தெரியும்; அப்போது நாம் ஹாலின் இடத்தில் இருக்கிறோம் என்று பொருள்.

இனி நான் சொல்லும் காட்சியை இருமுறை பார்த்தாலும் தகும். போமன் வரைந்த ஓவியங்களை ஹால் பாராட்டுகிறது. பிறகு, தயங்கித் தயங்கி, இந்தப் பயணத்தைப் பற்றி உங்களுக்கு ஐயம் ஏதும் இல்லையா என்று கேட்கிறது. புறப்படும் முன் உலவிய விசித்திரமான வதந்திகள், நிலவில் எதையோ தோண்டியெடுத்தார்கள் என்ற பேச்சு, மூவரைத் தனியே பயிற்றுவித்து உறங்கவைத்தே கலத்தில் ஏற்றியது என ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. நமக்கு உண்மை தெரியும், ஹாலுக்கும் தெரியும், போமனுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று ஆணையிடப்பட்ட ஒன்றை, எதிரில் இருப்பவனே ஊகித்துக் கேட்டுவிட மாட்டானா என்று ஹால் தவிப்பதாகவே நான் இதைக் கேட்கிறேன். போமனோ, குழுவினரின் மனநிலை பற்றிய அறிக்கைக்காகத்தானே இதைக் கேட்கிறாய் என்று முடித்துவிடுகிறார். அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்ட அடுத்த கணம், ஒரு நிமிடம், ஒரு நிமிடம் என்று ஹால் சொல்கிறது. பூமியோடு தொடர்புகொள்ளும் ஆண்டெனாவின் ஏஇ-35 என்ற பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகும் என்று அறிவிக்கிறது. கழற்றிப் பார்த்தால் அதில் பழுதே இல்லை. உண்மையைத் திரிக்காமல் தருவதற்கென்றே படைக்கப்பட்ட ஒன்றிடம் உண்மையை மறைத்து வைக்கச் சொன்னார்கள். அது முறியத் தொடங்கிய இடம் இதுதான். கிளார்க்கும் தம் எழுத்தில் ஹாலின் நடத்தைக்கு இதே காரணத்தைத்தான் தருகிறார்.

போமனும் பூலும் ஒலிபுகாத சிறு கலத்துக்குள் போய், ஹாலின் இணைப்பைத் துண்டிப்பது பற்றிப் பேசுகிறார்கள். திடீரென ஒலி முழுவதும் நின்று, உதடுகள் மட்டும் அசைகின்றன. இடைவேளை அங்கே வரும். அதற்கு மதிப்புக் கொடுத்து நிறுத்துங்கள். தேநீர் போட்டுக் குடியுங்கள், ஆனால் கைபேசியில் விளக்கம் தேடாதீர்கள். ஒரே இரவில் முடிக்க இயலாதவர்கள் படத்தை இங்கே பிரித்து, மறுநாள் தொடரலாம். வேறெங்கும் பிரிக்க வேண்டாம்.

இடைவேளைக்குப் பின் ஒலியின்மையே மொழி. பூலின் மூச்சு மட்டும் நெடுநேரம் கேட்கும். அந்த மூச்சு நின்றால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. உறைதுயிலில் இருந்த மூவரும் இறப்பதை, நேராகிப்போகும் கோடுகளும் திரையில் மின்னும் சில சொற்களும் மட்டுமே சொல்கின்றன. தலைக்கவசம் இல்லாமல் போமன் வெற்றிடத்தின் வழியே கலத்துக்குள் பாயும்போது வெடிப்புக்கூட ஒலியின்றி நிகழ்கிறது. காற்று நிரம்பிய பிறகுதான் ஓசை பிறக்கிறது. ஒலி பரவக் காற்று வேண்டும் என்ற பள்ளிப் பாடத்தை இவ்வளவு பதற்றத்தோடு வேறெங்கும் நான் கற்றதில்லை.

போமன் ஹாலின் நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது, அது அஞ்சுவதாகச் சொல்கிறது. தன் மனம் கரைவதை உணர்வதாகச் சொல்கிறது. பிறந்த நாளையும் ஊரையும் சொல்லி, தனக்குக் கற்பித்த பாட்டைப் பாடுகிறது. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினியைப் பாடவைத்த அதே 'டெய்சி பெல்' பாட்டு அது. கிளார்க் அங்கே சென்றபோது அதைக் கேட்டிருந்தார். என் தாயார் இந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொன்றது அதுதானே அம்மா என்றேன். 'சொல்லக் கூடாதுன்னு சொன்னவங்கள்ல எவன் செத்தான்?' என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே திரையில் ஃபிளாய்டு தோன்றி, பதிவுசெய்த புன்னகையோடு, இதுவரை ஹாலுக்கு மட்டுமே தெரிந்திருந்த ரகசியத்தைப் போமனிடம் சொல்லத் தொடங்கினார். படத்தில் கடைசியாகக் கேட்கும் மனிதப் பேச்சு அதுதான்.

கடைசிப் பகுதி

இங்கே பொருள் தேடும் வேலையைத் தள்ளிவையுங்கள். ஒளி வெள்ளத்தை, ரயில் ஜன்னலோரம் இருந்து மழையைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். டக்ளஸ் ட்ரம்புல் உருவாக்கிய முறை அது: ஒளியூட்டிய ஓவியங்களின் முன் மெல்லிய பிளவொன்றை வைத்து, கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்தபடி நகர்த்தி, ஒவ்வொரு சட்டகத்தையும் நீண்ட நேரம் பதித்தார்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதன் பயன் இந்தப் பத்து நிமிடத்தில் தெரியும்.

பிறகு தரையிலிருந்து ஒளி வரும் வெண்ணிற அறை. போமன் தன்னைவிட மூத்த ஒருவரைக் காண்கிறார், அந்த மூத்தவரும் அவரே. பார்த்தவர் மறைந்து பார்க்கப்பட்டவர் எஞ்சுகிறார். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு பார்வையோடு தொடங்குவதைக் கவனித்தால் குழப்பம் குறையும். உணவு மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை கை பட்டு விழுந்து உடைகிறது; இவ்வளவு தூரம் வந்த மனிதனும் பொருளைத் தவறவிடுகிறான். படுக்கையில் கிடக்கும் முதியவர் கல்லை நோக்கிக் கை நீட்டுகிறார். கையில் எதுவும் இல்லை. முதல் பகுதியில், கல்லை நோக்கி நீண்ட குரங்கின் கையைப்போலவே வெறுங்கை.

1980இல் ஒரு ஜப்பானியருக்குத் தொலைபேசியில் அளித்த பேட்டியில், உருவமற்ற உயிர்கள் போமனை விலங்குக்காட்சிச் சாலையில் வைப்பதுபோல அந்த அறையில் வைத்துக் கவனித்து, பின் வேறொன்றாக்கிப் பூமிக்கு அனுப்புகின்றன என்ற கருத்தில் குப்ரிக் விளக்கியிருக்கிறார். அப்படி வெளிப்படையாகச் சொன்னால் அசட்டுத்தனமாக ஒலிக்கும் என்றும் அவர் தயங்கியிருக்கிறார். அது சரியான விளக்கமே. ஆனால் அதை முன்பே அறிந்துகொண்டு பார்ப்பவர், விடை தெரிந்த விடுகதையைக் கேட்பவரைப்போல ஆகிவிடுகிறார். முதல் இரவில் உங்களுக்குத் தோன்றியதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, அதன்பின் நாவலைப் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். அப்போது உணவை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள். பச்சை இறைச்சி, நிலவு வண்டியில் எந்தச் சுவையென்று உறுதியில்லாத சாண்ட்விச், தட்டில் நிறநிறமான கூழ், கடைசியில் வெள்ளித் தட்டில் முறையான விருந்து. அல்லது பிறந்தநாட்களைத் தொடருங்கள்: ஃபிளாய்டின் மகள், பூல், ஹால், அப்புறம் இறுதிக் காட்சியில் ஒளிக்கூட்டுக்குள் கண் விழித்துப் பூமியைப் பார்க்கும் குழந்தை.

அந்தக் குழந்தை திரும்பி நம்மைப் பார்த்ததும் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும். 'நீல டான்யூப்' மறுபடி ஒலிக்கும். பெயர்கள் தீர்ந்து திரை கறுத்த பின்னும் அது சில நிமிடம் தொடரும். ஓடிடி தளமாக இருந்தால் அடுத்த படத்துக்குத் தாவும் வசதியை முன்பே நிறுத்தி வையுங்கள். இசை தானாக ஓயும்வரை யாரும் விளக்கைப் போட வேண்டாம்.